தண்டு வலித்தவர் யார்? பலன் கண்டவர் யார்?

(கயத்தாற்றில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கயத்தாறு கரிசல் பூமி. கடலைப் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடிக்குத்தான் போக வேண்டும். இங்கே வந்து கடற்படை யுத்தத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் இது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு 250 ஆண்டுகளுக்கு முன்பு, 1540-களில், வெட்டும்பெருமாள் என்ற ராஜா இங்கிருந்து ஆண்டார். பிரான்சிஸ் சேவியர் கடலோரத்திலிருந்து எழுதிய கடிதங்களில் அவர் பெயர் வருகிறது. கடலுக்குள் மூழ்கி எடுத்த முத்துக்குக் கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் பங்கு கேட்ட காலம் அது. ஆகவே கடலில் நடந்த யுத்தம் நமக்கும் சொந்த விஷயம்தான்.

துடுப்புப் போர்க்கப்பல் என்றதும் சரித்திரம் படித்தவர்கள் சலாமிஸ் யுத்தத்தைச் சொல்வார்கள். கி.மு. 480-ல் பாரசீகச் சக்ரவர்த்தி செர்க்ஸஸ் பெரும் படையோடு கிரேக்கத்தின் மீது பாய்ந்தான். ஏதென்ஸ் நகரமே தீக்கிரையானது. சலாமிஸ் தீவை ஒட்டிய குறுகலான ஜலசந்தியில் கிரேக்கக் கப்பல்கள் அவனை எதிர்த்து நின்றன. மூன்றடுக்குத் துடுப்புக் கப்பல்கள் அவை. ஒரு கப்பலில் ஏறத்தாழ 200 பேர். அவர்களில் 170 பேர் துடுப்பு வலிப்பவர்கள். மேலடுக்கில் 62, நடுவில் 54, அடியில் 54. ஆளுக்கு ஒரு துடுப்பு. கப்பலின் மூக்கில் வெண்கல முட்டு. ஓடிவந்து எதிரிக் கப்பலின் விலாவில் மோதி உடைப்பதே யுத்தமுறை. ஒருவன் தாளம் தப்பினாலும் பக்கத்திலிருப்பவன் துடுப்பில் இடிக்கும். 1987-ல் கிரேக்க நாட்டில் அதேபோல் ஒரு கப்பலைக் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். கூட்டு உழைப்பில்லாமல் அது நகராது என்று நன்றாகத் தெரிந்தது.

அந்தக் குறுகலான இடத்தில் பாரசீகக் கப்பல்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துச் சிக்கின. கரைமேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த செர்க்ஸஸின் கண்ணெதிரே அவன் கப்பற்படை சிதறியது. ஆனால் அந்தக் கப்பல்களை ஓட்டியவர்கள் யார்? பினீஷியர்கள், எகிப்தியர்கள், அயோனியக் கிரேக்கர்கள். பாரசீகத்திடம் அடிமைப்பட்ட நாட்டு மக்கள், தங்களை அடக்கியவனுக்காகவே துடுப்பு வலித்தார்கள்!

ஏதென்ஸில் துடுப்புப் பிடித்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஏழைக் குடிகள். கவசம் வாங்கப் பணமில்லாதவனும் துடுப்புப் பிடிக்கலாம். நகரத்தின் உயிர் தன் கையில் இருக்கிறது என்பதை அவன் கண்டுகொண்டான். அதன் பின் சபையில் அவன் குரலை அலட்சியம் செய்ய முடியவில்லை. கி.மு. 462-ல் பிரபுக்களின் பழைய மன்றத்திடமிருந்து பெரும்பாலான அதிகாரம் பறிக்கப்பட்டது. இதில் கப்பலோட்டிய ஏழைகளின் பலம் சேர்ந்திருக்கிறது.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கப்பல் கட்டப் பணம் தந்தது லாரியம் வெள்ளிச் சுரங்கம். அதில் மடிந்தவர்கள் அடிமைகள். அவர்களுக்கும் சரி, பெண்களுக்கும் சரி, சபையில் இடமில்லை. வென்ற ஏதென்ஸே பிறகு மற்ற நகரங்களிடம் கப்பம் வாங்கியது.

இப்போது நம் கரைக்கு வருவோம். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகளும் சிறு தீவுகளும் நிறைந்திருக்கின்றன. ஆழமில்லாத கடல். போர்ச்சுகீசியரின் பெரிய பாய்க்கப்பல் இங்கே கரையை நெருங்க முடியாது. ஆகவே இங்கேயும் துடுப்புக் கப்பல்தான் யுத்தத்தைத் தீர்மானித்தது.

இந்தக் கடலில் முத்துக் குளித்தவர்களில் பரதவரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். இருவரும் ஒரே கடலை நம்பிய மக்கள். 1530-களில் அவர்களுக்குள் பெரும் சச்சரவு மூண்டது. பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரின் உதவியைக் கேட்டார்கள். 1536, 1537-ம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1538-ல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில், மார்த்திம் அபோன்சோ டி சூசா சில நூறு போர்ச்சுகீசியரோடு வந்து மரக்காயர்களின் பெரிய கப்பற்படையை முறியடித்தான். அந்தக் காலத்தில் இந்தியக் கடல்களில் போர்ச்சுகீசியரின் துடுப்புக் கப்பல்களை ஓட்டியவர்களில் நம் கடலோர மக்களும் அடிமைகளும் ஏராளம். சலாமிஸில் பினீஷியன் செய்த வேலையை இங்கே நம்மவன் செய்தான்!

யாருக்கு லாபம்? முத்துக்கடல் போர்ச்சுகீசியரின் பிடியில் விழுந்தது. 1544-ல் வடக்கேயிருந்து வந்த படைகள் குமரிக் கரையைச் சூறையாடியபோது, பரதவர்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் துடித்தார்கள். 20 படகுகளில் உணவு கொண்டுபோன சேவியரால்கூட எதிர்க்காற்றில் அவர்களை அடைய முடியவில்லை. பாதுகாப்புத் தருவதாகச் சொன்ன பரங்கிக் கொடி அவர்களைக் காப்பாற்றவில்லை. 1658-ல் தூத்துக்குடியை டச்சுக்காரன் பிடித்தான். பின்னால் ஆங்கிலேயன் வந்தான். எஜமானர்கள் மாறினார்கள், மூச்சடக்கி மூழ்கியவனின் குடிசை மாறவில்லை.

தோழர்களே! தண்டு வலித்தவன் ஏதென்ஸில் தன் பலத்தை அறிந்தான். சபையில் இடம் கேட்டான், பெற்றான். நம் கரையில் தண்டு வலித்தவர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். மூன்றாமவன் முத்தை அள்ளிக்கொண்டு போனான். மதம் எதுவாயினும் கடலில் மூச்சு ஒன்றுதான்.

1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. துடுப்பின் இடத்தில் இன்று எஞ்சின் ஓடுகிறது. ஆயினும் படகு யாருடையது, பிடித்த மீனுக்கு விலை வைப்பவன் யார் என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. கடலோரத்து உறவினர்களைப் பார்க்கும்போது இந்தச் சரித்திரத்தைச் சொல்லுங்கள். இந்தக் கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்.