நூறு முறை ஒலிக்கும் மணி

(பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு – மாற்கு 6:30-34)



இன்றைய நற்செய்தியில் இயேசு ஒரு சிறிய விடுமுறைக்குத் திட்டமிடுகிறார். பணிக்குச் சென்ற திருத்தூதர்கள் களைத்துத் திரும்பியிருக்கிறார்கள். உட்கார்ந்து உண்ணவும் அவர்களுக்கு நேரமில்லை. தனிமையான ஓர் இடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுக்கலாம் என்று அழைக்கிறார் ஆண்டவர். படகு புறப்படுகிறது. ஆனால் அவர்கள் கரையிறங்கும் முன்பே, மக்கள் கூட்டம் கால்நடையாக ஓடிவந்து அங்கே காத்திருக்கிறது. போட்ட திட்டம் இனி என்ன ஆகும்?

இதைத் தியானிக்கும்போது, சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் போட்ட ஒரு திட்டம் நினைவுக்கு வருகிறது. குருக்கள் நால்வர் ஒரு பயிற்சிக்காக இத்தாலியின் மிலான் நகரில் தங்கியிருந்தோம். ஒரு சனி, ஞாயிறு ஓய்வாகக் கிடைத்தது. ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பெர்கமோ. கீழே புதிய நகரம், குன்றின்மேல் பழைய நகரம். இரண்டு நாளும் அங்கேதான் என்று முடிவு செய்தோம்.

ஒரு தாளில் மணி வாரியாக எழுதினோம். முதலில், 1887 முதல் ஓடும் கம்பிவட ரயிலில் குன்றின்மேல் ஏறுவது. பிறகு, 1137இல் கட்டத் தொடங்கிய புனித மரியா பெருங்கோவிலில் லொரென்சோ லோத்தோ வரைந்து கொடுத்த மரச் சித்திர வேலைகளைப் பார்ப்பது. அதை ஒட்டியுள்ள கொல்லெயோனி சிற்றாலயம். மாலையில் மதில்மேல் நடை. ஞாயிறு அதிகாலைத் திருப்பலி முடிந்ததும், அருகிலுள்ள சோத்தோ இல் மோந்தே. அங்கேதான் 1881இல் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் திருத்தந்தை புனித 23ஆம் யோவான் பிறந்தார். சிறுவனாகக் குருமடத்தில் சேர்ந்து அவர் படித்தது இந்தப் பெர்கமோவில்தான். இத்தனையும் அந்த ஒரே தாளில் அடங்கியது. மூச்சுவிட மட்டும் நேரம் ஒதுக்கவில்லை.

சனிக்கிழமை எழுதியபடியே நடந்தது. கொல்லெயோனி என்பவர் 15ஆம் நூற்றாண்டின் படைத்தளபதி. தமக்குக் கல்லறை எழுப்புவதற்காகப் பெருங்கோவிலின் சக்ரீஸ்தையே இடிக்கச் செய்தார். பளிங்கில் இழைத்த அழகிய கட்டடம். மாலையில் மதிலுக்குச் சென்றோம். வெனிஸ் குடியரசு 1561இல் தொடங்கிக் கட்டிய இந்த மதில் 6 கிலோமீட்டருக்கும் அதிக நீளம் கொண்டது. அதற்காகப் புனித அலெக்சாண்டரின் பழைய ஆலயமும் பல வீடுகளும் தரைமட்டமாயின. ஆனால் அந்த மதிலை முற்றுகையிட எந்தப் பகைவரும் வரவில்லை. 2017இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

இரவு 10 மணிக்கு நகரக் கோபுரத்தின் பெரிய மணி ஒலிக்கத் தொடங்கியது. நூறு முறை. மதில் வாயில்களை இரவில் அடைத்த காலத்தின் நினைவாக இன்றும் அப்படி ஒலிக்கிறார்கள். எங்கள் விடுதியை நடத்திய அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சன்னலருகே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மணி ஓய்ந்ததும் எங்களிடம் வந்தார்.

"நீங்கள் குருக்கள் என்று தெரியும். நாளைக் காலை என்னோடு கல்லறைக்கு வருவீர்களா, ஃபாதர்?"

அவருடைய கணவர் 2020 மார்ச் மாதம் கொரோனாவில் இறந்தவர். மூச்சுத்திணறலோடு ஆம்புலன்ஸில் ஏறினார். அதன்பின் அவர் முகத்தை இந்த அம்மா பார்க்கவில்லை. அந்த மார்ச் 18ஆம் தேதி இரவு, பெர்கமோவின் கல்லறையிலிருந்து இராணுவ லாரிகள் சவப்பெட்டிகளை வெளியூர்களுக்கு எரியூட்டக் கொண்டுசென்ற படத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இவருடைய கணவரின் பெட்டியும் வெளியூருக்குத்தான் போனது. சாம்பலாகத் திரும்பி வந்தது. அடக்கத் திருப்பலி நடத்த அப்போது அனுமதி இல்லை. அந்த மறைமாவட்டத்தில் குருக்களே 20 பேருக்கு மேல் அந்த நாள்களில் இறந்துபோனார்கள். நினைவுத் திருப்பலி பிறகு நடந்தது. "ஆனாலும் அன்று நான் தனியாகத்தானே செபித்தேன்" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அந்த நொடியில் எங்களுக்குள் எழுந்தது இரக்கம் அல்ல. மறுநாள் காலைப் பேருந்தின் நேரம். எங்களில் மூத்தவர்தான், "வருகிறோம் அம்மா" என்றார்.

மறுநாள் கீழ் நகரத்தின் கல்லறைக்குச் சென்றோம். சவப்பெட்டிகளை அன்று வரிசையாக வைத்திருந்த ஆலயம் அங்கேதான் இருக்கிறது. அவர் கணவரின் பெயர் பொறித்த கல்லருகே நின்று, எங்கள் அரைகுறை இத்தாலியத்தில் இறந்தோருக்கான செபத்தைச் சொன்னோம். பிறகு தமிழில் ஒரு பாடல் பாடினோம். அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் பாட்டு முடியும்வரை உள்ளங்கையை அந்தக் கல்லின்மேல் வைத்தே நின்றார். அதன்பின் காப்பி குடிக்காமல் எங்களை விடவில்லை. பேருந்து போய்விட்டது. சோத்தோ இல் மோந்தேவை நாங்கள் பார்க்கவில்லை.

திருத்தந்தை 23ஆம் யோவான் பிறந்த வீட்டைப் பார்க்க முடியவில்லையே என்ற வருத்தம் ரயில் ஏறும்வரை இருந்தது. அப்போதுதான் அவர் செய்த ஒன்று நினைவுக்கு வந்தது. 1958இல், திருத்தந்தையாகி இரண்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில், கிறிஸ்து பிறப்பு நாளன்று நோயுற்ற குழந்தைகளைத் தேடி மருத்துவமனைக்குச் சென்றார். மறுநாள் உரோமைச் சிறைக்குச் சென்றார். அவர் பெயரைத் தாங்கிய பெர்கமோ மருத்துவமனைதான் 2020இல் நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. அவர் வாழ்ந்த விதத்தை, அவர் வீட்டுக்குப் போகாமலே அந்த அம்மா எங்களுக்குக் காட்டிவிட்டார்.

அன்பார்ந்தவர்களே, ஓய்வு பாவமல்ல. களைத்த சீடர்களை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. அவரே ஓய்வுக்கு அழைத்தார். கூட்டத்தைக் கண்டதும் எரிச்சல்படவும் இல்லை; ஆயனில்லா ஆடுகளைப்போல் இருந்தவர்கள்மேல் பரிவு கொண்டார். தொடர்ந்து வாசித்தால் இன்னொன்றும் தெரியும். மக்களுக்கு உணவளித்து அனுப்பிய பிறகு, அவர் தனியே மலைக்குச் சென்று செபித்தார். ஓய்வு தள்ளிப்போனது, தொலைந்துபோகவில்லை.

ஆகவே, அடுத்த பயணத்துக்குத் திட்டமிடும்போது மூன்று காரியங்களைச் செய்வோம். போகும் ஊர் எதில் பெருமைப்படுகிறது என்பதோடு, எதை எண்ணி அழுதது என்றும் முன்கூட்டியே கேட்டறிவோம். அவ்வூர் மக்களோடு ஒரு திருப்பலியில் பங்கேற்போம். எதுவும் எழுதாத ஒரு மணி நேரத்தையாவது தாளில் விட்டுவைப்போம். அந்த வெற்றிடத்தில் யாரை அனுப்புவது என்று ஆண்டவருக்குத் தெரியும்.

ஆண்டவரே, எங்கள் களைப்பை நீர் அறிவீர். எங்களுக்கு இளைப்பாறுதல் தாரும். அந்த வேளையிலும் எங்கள் கதவைத் தட்டுகிறவரை அடையாளம் காணும் கண்களைத் தாரும். ஆமென்.