பஞ்சி அல்ல, களைப்பு

(சங்க மகளிர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். மார்பகப் புற்றுநோய் வந்து, கீமோ மருந்து ஏற்றி முடித்தவள் என்பதால் தலைவி அக்கா என்னைப் பேசச் சொன்னா.

வேலை செய்ய மனமில்லாததை எங்கட ஊரில் "பஞ்சி" என்போம். மருந்து ஏற்றிய மாதங்களில் அந்தச் சொல்லை நிறையக் கேட்டேன். மாமி வாய்விட்டே சொன்னா. மற்றவை சொல்லாமல் சொல்லிச்சினம். பத்து மணித்தியாலம் படுத்தெழும்பினாலும் தேத்தண்ணிக் கேத்திலைத் தூக்க ஏலாது. ஜேர்மனிக்கு வந்து இத்தனை வருசமாகியும் ஆஸ்பத்திரியில் மகன்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளன். பதினான்கு வயசுப் பிள்ளை, வீட்டில் கேட்ட சொல்லையே டொச்சில் சொல்லிவிட்டான். டொக்டர் சிரிச்சுப்போட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அதுதான் நான் விட்ட பிழை.

பிறகு ஒரு தாதிதான் ஆறுதலாக இருந்து விளங்கப்படுத்தினா. எனக்கு ஏற்றிய பக்லிடாக்செல் மருந்து இலேசில் மூளைக்குள் போகாது. ஆனால் அது உடம்பின் கலங்களைத் தாக்கும்போது, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் இரத்தத்தில் கூடுகின்றன. அந்தச் சேதி இரத்த வழியாகவும் நரம்பு வழியாகவும் மூளைக்குப் போக, அங்குள்ள காவல் கலங்களும் விழித்துக்கொள்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காய்ச்சல் வந்தால் போர்த்துக்கொண்டு படு என்று மூளை சொல்லுமல்லவா, அதே கட்டளைதான் இதுவும். சுண்டெலிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில், இரவு பகலைக் கணிக்கிற மூளையின் மணிக்கூடும் குழம்பியிருந்ததாம். எனக்கும் பகலெல்லாம் நித்திரை, இரவில் கண்மூடாது.

இரத்தச்சோகையாலும் களைப்பு வரலாம். ஆகவே இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கோ. பிள்ளைகளை விட்டு, மொழி தெரிந்த ஒரு பெரிய ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

படுத்தே கிடந்தால் களைப்பு கூடும். 2017ல் 113 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், இந்தக் களைப்புக்கு மருந்துகளைவிட உடற்பயிற்சியும் மனநலச் சிகிச்சையும் கூடிய பலன் தருவதாக எழுதினார்கள். நான் டொக்டரிடம் கேட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். முதல் கிழமை கீழ்ப்படி மட்டும். அடுத்த மாதம் பஸ் தரிப்பிடம் மட்டும்.

இப்ப மாமியும் என்னோடை நடக்க வாறா. பஸ் தரிப்பிடத்து வாங்கிலில் முதல் போய்க் குந்துறது அவதான்.