மேனாட்டுக் கல்வியும் வீட்டுக் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



"நிதித்துறையில் உத்தியோகம் பார்க்க விரும்புகிறோம். ஐரோப்பாவிலே குறைந்த செலவில் எந்தப் பல்கலைக்கழகத்திற்குப் போகலாம்?" என்று நம் இளைஞர் பலர் கேட்கின்றனர். கேள்வி நல்ல கேள்வியே. ஆனால் அதற்கு ஒரு பெயரை மட்டும் விடையாகச் சொல்வது நோயை அறியாமல் மருந்து கொடுப்பது போலாகும். ஆதலின், முடிவு செய்யும் வழியையே இன்று ஆராய்வோம்.

முதலாவது, எந்த வேலை என்பதைத் தெளிய வேண்டும். நிதித்துறை என்பது ஒரு தொழிலன்று. வங்கியிற் கடன் கொடுப்பவர் ஒருவர். பங்குகளின் மதிப்பை ஆராய்பவர் ஒருவர். காப்புறுதியில் ஆபத்தைக் கணிப்பவர் ஒருவர். கம்பனியொன்றின் கணக்கைப் பரிசோதிப்பவர் வேறொருவர். ஆபத்தைக் கணிப்பவருக்குக் கணிதமும் புள்ளிவிபரவியலும் வேண்டும். கணக்காய்வாளருக்கோ பட்டத்தினும் தொழிற்பரீட்சையே முக்கியம்.

இரண்டாவது, அந்த வேலை எந்த நகரில் இருக்கின்றது என்று பார்க்க வேண்டும். ஐரோப்பிய மத்திய வங்கி 1998ஆம் ஆண்டு முதல் ஜேர்மனியின் பிராங்க்போட் நகரில் இயங்குகின்றது. அந்நாட்டின் மத்திய வங்கியும் அங்கேயே உள்ளது. முதலீட்டு நிதியங்களைப் பொறுத்தவரை ஐரோப்பாவில் முதலிடம் லக்சம்பேர்க் என்ற சின்னஞ்சிறு நாட்டுக்கே. சூரிச் வங்கிக்கும் மறுகாப்புறுதிக்கும் பெயர் பெற்றது. பங்கு வாணிபத்தின் பழைய வீடு அம்ஸ்ரடாம். 1602இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பங்குகள் அங்கேதான் கைமாறின. அதே கம்பனிதான் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியது. அந்நகர வணிகர் ஏட்டில் எழுதிய இலாபத்தில் நம் மண்ணின் விளைவும் ஒரு பங்கு என்பதை மறத்தல் கூடாது.

இனிச் செலவுக்கு வருவோம். ஜேர்மனியிற் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்கள் அந்நிய மாணாக்கரிடமும் கற்பித்தற் கட்டணம் வாங்குவதில்லை. தவணைதோறும் ஒரு சிறு தொகை மட்டும் உண்டு. ஆனால் எல்லா இடமும் ஒன்றல்ல. வர்த்தகக் கல்விக்குப் பெயர் பெற்ற மன்னைம் நகர் அமைந்துள்ள பாடன் வூட்டம்பேர்க் மாநிலம், 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருவோரிடம் தவணைக்கு 1,500 யூரோ அறவிடுகின்றது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024இல் அத்தகையோரிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது.

பிரான்சு அரசு 2019இல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருவோர்க்கு இளமாணிப் படிப்புக்கு ஆண்டுக்கு 2,770 யூரோவும் முதுமாணிப் படிப்புக்கு 3,770 யூரோவும் விதித்தது. எனினும் பல பல்கலைக்கழகங்கள் விலக்கு அளித்து வந்துள்ளன. இத்தாலியின் அரச பல்கலைக்கழகங்களில் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் குறைப்பது வழக்கம். செக் நாட்டு அரச பல்கலைக்கழகங்களிற் செக் மொழியிலேயே படிப்பவருக்கு, அவர் எந்நாட்டவராயினும், கட்டணமில்லை.

நோர்வேயும் ஒரு காலத்தில் எல்லார்க்கும் இலவசமாகவே கற்பித்தது. 2023இல் அந்தக் கதவு ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ளோர்க்கு மூடப்பட்டது. சூரிச்சின் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகம் 2025இல் அந்நிய மாணாக்கர் கட்டணத்தை மும்மடங்காக்கியது. ஆகவே, "மச்சான் போன காலத்தில் இலவசம்" என்ற சொல்லை நம்பிப் பெட்டி கட்டலாகாது. போகும் ஆண்டின் கட்டணத்தை அப்பல்கலைக்கழகத்தின் அறிவிப்பிலேயே பார்த்தல் வேண்டும்.

நிற்க. கட்டணமில்லை என்றால் செலவில்லை என்பது பொருளன்று. ஜேர்மனிக்கு விசா கேட்கும் மாணவர் ஓராண்டுச் சீவியத்துக்குரிய பணத்தை முன்னதாகவே ஒரு கணக்கில் இட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. அதிலிருந்து மாதம் 992 யூரோ எடுக்கலாம். அந்த வீதத்தில் ஈராண்டு முதுமாணிப் படிப்புக்குச் சீவியச் செலவு மட்டும் 23,808 யூரோ.

இதனை மற்றொரு வழியோடு ஒப்பிடுவோம். வேறொரு நாட்டில் ஓராண்டுப் படிப்பு. கட்டணம் 25,000 யூரோ, சீவியத்துக்கு 12,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 37,000. முன்னையதைவிட 13,000 யூரோ வரை அதிகம். ஆனால் ஓராண்டு முந்தி உத்தியோகத்துக்குப் போகலாமே என்பீர்கள். உண்மை, உடனே வேலை கிடைத்தால் அந்த வித்தியாசம் மறையவும் கூடும். கிடைக்காவிட்டாலோ வித்தியாசம் முழுவதும் கடனாய் நிற்கும். ஒரு வருடம் வேலையின்றி இருந்தாலும் வட்டி கட்ட இயலுமா? இக்கேள்விக்கு "ஆம்" என்று சொல்லக்கூடியவரே இரண்டாம் வழியைத் தேர்வாராக. விரலுக்குத் தக்க வீக்கம் என்பது முதியோர் வாக்கு.

பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம் என்பர் சிலர். ஜேர்மனியில் 2024 முதல் மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்ய அனுமதியுண்டு. பட்டம் பெற்றபின் வேலை தேடுவதற்குப் பதினெட்டு மாதங்கள் தங்கலாம். இவை பேருதவியே. எனினும், முதலாண்டின் கணக்கில் அந்தக் கூலியைச் சேர்க்காதீர்கள். மொழி தெரியாதவனுக்குக் கிடைப்பது பாத்திரம் கழுவும் வேலை. அது படிப்பின் நேரத்தைத் தின்றுவிடும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே முதுமாணிப் படிப்பை ஆங்கிலத்திற் படிக்கலாம். இளமாணிப் படிப்பு பெரும்பாலும் ஜேர்மன் மொழியிலேயே நடைபெறும். ஆங்கிலத்திற் பட்டம் பெற்றவரும் வேலை தேடும்போது ஜேர்மன் மொழியின் தேவையை உணர்வர். பயணத்துக்கு முன் இங்கேயே ஓராண்டு அம்மொழியைப் பயில்வது, பெட்டியில் வைக்கும் எந்தப் பொருளினும் பயனுடையது.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. தகப்பனார் காணியை ஈடு வைத்து மகனை அனுப்பினார். ஒரு முகவர் பளபளக்கும் புத்தகமொன்றைக் காட்டி, "ஐரோப்பியப் பட்டம்" என்றார். அது ஒரு தனியார் கல்லூரி. அங்கே பெற்ற பட்டத்தை அந்நாட்டு அரசே ஏற்பதில்லை என்பது மகன் போனபின்னரே தெரிந்தது. அதற்குள் 2022 வந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் ஏறக்குறைய 360 ரூபா. தகப்பனாரின் சம்பாத்தியம் ரூபாவில். மகனின் செலவு யூரோவில். பையன் படிப்பை விட்டான், காணியும் மீளவில்லை. அவர் நம்மிடம் வந்து கேட்டது ஒன்றுதான்: "போகுமுன் இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?" இப்பேச்சு அக்கேள்விக்கு நாம் காலந்தாழ்த்திச் சொல்லும் விடையாகும்.

ஆகையால் மூன்று காவல்களை வைத்துக்கொள்வோம். பட்டம் அந்நாட்டில் அங்கீகாரம் பெற்றதா என்பதை முகவரிடம் கேளாமல் அந்நாட்டின் அதிகாரபூர்வமான பதிவிற் பார்ப்போம். நாணய மதிப்பு வீழ்ந்தாலும் தாங்கும்படி, கணக்கிட்டதற்கு மேல் மூன்றிலொரு பங்கை ஒதுக்குவோம். குடியிருக்கும் வீட்டையும் கடைசிக் காணியையும் ஈட்டுக்குக் கொடோம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, மலிவான வழி நம் வாசலிலேயே தொடங்குகின்றது. 1945 முதல் இந்நாட்டில் இலவசக் கல்வி உண்டு. அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர் முதற்பட்டத்தை இங்கேயே பெற்று, கணக்காளர் பரீட்சைகளையும் கூடவே எழுதி, இரண்டொரு வருடம் வங்கியில் வேலை பார்த்து, பின் முதுமாணிப் படிப்புக்குப் புறப்படட்டும். அயல்நாட்டில் ஐந்தாண்டு செலவழிப்பதற்குப் பதிலாக ஈராண்டு போதும். எந்த வேலை தமக்கு ஒத்தது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

பெற்றோர்களே, பக்கத்து வீட்டுப் பிள்ளை போயிற்றென்று உங்கள் பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள். இளைஞர்களே, வீட்டின் உண்மையான வரவையும் கடனையும் பெற்றோரிடம் கேட்டறிந்து ஒரு தாளில் எழுதுங்கள். பிறர் பணத்தை நிருவகிக்கப் புறப்படுகிறவர், முதலில் தம் தகப்பனாரின் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டாமா?

ஏற்கெனவே கடல் கடந்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படம் அனுப்பும்போது அறை வாடகையையும் எழுதுங்கள். பட்ட கஷ்டத்தை மறையாதீர்கள். ஒருவரின் உண்மைக் கடிதம் பின்வரும் பத்துக் குடும்பங்களைக் காக்கும். அத்தகைய கடிதங்களைச் சேர்த்து, கேட்போர்க்கெல்லாம் காட்டும் பணியை நம் சங்கம் மேற்கொள்ளுமாக.

நம் இளைஞர் போகட்டும், கற்கட்டும், உயரட்டும். ஆழமறிந்து காலை வைக்கட்டும்.