கொய்யாவில் புழு: மருந்து அடிக்காமல் தடுப்போம்



என் வீட்டில் இருப்பது ஒரே கொய்யா மரம். பேரனுக்குச் சாயங்காலம் தின்ன அந்தப் பழம்தான். மீதியை விற்றுக் குழுச் சேமிப்பு கட்டுகிறேன். பழம் வெளியே அழகா இருக்கும், பிட்டா உள்ளே வெள்ளைப் புழு நெளியும். இது பழ ஈ செய்கிற வேலை. ஈ தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். புழு சதைக்குள் இருப்பதால் மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடாது. பழத்தைக் கடிக்கிற பிள்ளைங்க வாய்க்குத்தான் போகும்.

விழுந்த பழத்திலிருந்து புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். அந்த வழியை அடைக்கணும்.

காலையில் வாசல் பெருக்கும்போதே விழுந்த பழத்தைப் பொறுக்குங்க. எருக்குழியில் போடாதீங்க, அங்கிருந்தும் ஈ கிளம்பும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் நல்ல வெயிலில் வையுங்க. இல்லைன்னா இரண்டடி ஆழத்தில் புதையுங்க. மரத்தடி மண்ணைக் கொத்திவிட்டா கூட்டுப்புழுவைக் கோழி கிளறித் தின்னும். காய் எலுமிச்சை அளவு வந்ததும் பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டுங்க.

ஆனா ஒரு வீடு மட்டும் செய்தா பத்தாது. ஈ மதில் தாண்டி வரும். எங்க தெருவில் கொய்யா இருக்கிற எல்லா வீடும் சேர்ந்து பொறுக்கிய பிறகுதான் புழு குறைஞ்சுது.

குழுக் கூட்டத்தில் சேமிப்பு கேட்கிற மாதிரி, "பழம் பொறுக்கினீங்களா?" என்றும் கேட்போம்.