வீட்டிலேயே யூஎஸ்பி சார்ஜர்: நான் செய்ததும் கெடுத்ததும்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் படித்தது பி.காம். உத்தியோகம் பார்த்தது வங்கியில், கிளார்க்காக. சார்ஜர் செய்வதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு பொருளைக் கெடுத்த தகுதிதான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் பிளாக்கில் கரண்ட் போனது உங்களுக்கு மறந்திருக்காது. என் மனைவியிடம் உள்ளங்கை அளவில் ஒரு எம்பி3 பிளேயர் இருந்தது. காலமான என் மாமியார் பாடிய தாலாட்டை அதில் பதிவு செய்து வைத்திருந்தாள். தினமும் அதைக் கேட்டுத்தான் தூங்குவாள். அந்த நாட்களில் பிளேயரில் சார்ஜ் இல்லை. அடுத்த மழைக்குள் பேட்டரியில் ஓடும் ஒரு சார்ஜர் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ரிச்சி தெருவுக்குப் போய் 7805 என்ற ரெகுலேட்டர், ஆறு பென்சில் செல் போடும் ஹோல்டர், யூஎஸ்பி சாக்கெட், 0.33, 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு, ஒரு சுவிட்ச் வாங்கினேன்.

வேலை செய்யும் விதம் எளிது. ஆறு செல் சேர்ந்தால் 9 வோல்ட். பிளேயருக்கு வேண்டியது 5 வோல்ட். 7805 மிச்சம் 4 வோல்ட்டைச் சூடாக்கிக் கழித்துவிடும். 200 மில்லி ஆம்பியர் ஓடினால் 0.8 வாட் சூடு. தொட்டால் சுடும், ஆனால் தாங்கும். ஸ்கூட்டரின் 12 வோல்ட் பேட்டரியில் போட்டால் சூடு அதிகம், ஹீட் சிங்க் கட்டாயம் வேண்டும். நான்கு செல் போதுமே என்று நினைக்காதீர்கள். 7805-க்கு உள்ளே சுமார் 7 வோல்ட்டாவது வந்தால்தான் வெளியே 5 சரியாக வரும்.

7805-இன் எழுத்து உங்களைப் பார்க்க வைத்தால், இடமிருந்து வலமாக உள்ளீடு, பொது, வெளியீடு. யூஎஸ்பியில் நான்கு முனை. ஓரத்தில் இருக்கும் இரண்டும் பிளஸ், மைனஸ். நடுவில் இருக்கும் இரண்டும் டேட்டா. சில பிளேயர்கள் டேட்டா முனைகள் சும்மா இருந்தால் சார்ஜ் ஏற்றாது. அந்த இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், இது சார்ஜர்தான் என்று பல கருவிகள் புரிந்துகொள்ளும்.

இனி நான் செய்த தவறு. சாக்கெட்டை முன்பக்கம் பார்த்து இடது வலதை மனதில் வைத்துக்கொண்டேன். ஈயம் பற்றவைத்தது பின்பக்கம். திருப்பியதும் இடது வலது மாறிவிட்டது. பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதிய கதை. மல்டிமீட்டர் வைத்திருந்தால் 5-க்கு முன்னால் மைனஸ் குறி காட்டியிருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு டேலி ஆகாமல் வீட்டுக்குக் கிளம்பாதவன், அன்று மீட்டர் வைக்காமல் பிளேயரைச் செருகினேன். ஒரு நிமிஷத்தில் லேசாக வாடை வந்தது. போர்டே போய்விட்டது என்றார் சர்வீஸ் கடைக்காரர். அந்தத் தாலாட்டுக்கு வேறு காப்பி கிடையாது.

என் மனைவி இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதனால் உங்களுக்கு நான்கு விஷயம் சொல்கிறேன். முதலாவது, மீட்டரில் 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் காட்டினால் மட்டுமே எதையும் செருகுங்கள். பிளஸ் எது என்பதையும் அதிலேயே பாருங்கள். இரண்டாவது, முதல் சோதனைக்கு வேண்டாத பழைய பொருளை வையுங்கள். மூன்றாவது, வீட்டு 230 வோல்ட் பக்கம் போகவே போகாதீர்கள். அதற்குக் கடை சார்ஜர் இருக்கிறது. நான்காவதுதான் முக்கியம். வீட்டுப் பெரியவர்களின் குரல் ஒரே கருவியில் இருந்தால், இன்று இரவே இன்னொரு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள்.

சார்ஜரைத் திருத்திவிட்டேன், இப்போது நன்றாக வேலை செய்கிறது. செய்து பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் இருந்தால் என் வீட்டுக்கு அனுப்புங்கள். மல்டிமீட்டர் தருகிறேன், பக்கத்திலும் உட்காருகிறேன்.