உழைச்செல்வான் கடன்

(ஆலங்காயத்தில் கூடிய நம் சங்கக் குடும்பத்தார் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும் திருவள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு நின்றாரில்லை. அருகிருந்து மருந்தை முறைப்படி கொடுப்போனையும் நான்காவது உறுப்பாக வைத்து, உழைச்செல்வான் என்றார். சொல் ஆண்பாலாயினும் பொருள் பெண்பாற்கும் ஒக்கும். நான்கனுள் ஒன்று குறையினும் மருத்துவம் நிரம்பாது. அங்ஙனமாகவும், நம்மவருட் சிலர் செவிலித்தொழிலை ஏவற்றொழில் என்று இகழ்வதும், இராப்பணியையும் பிறர் உடலைத் தீண்டுதலையும் காட்டிப் பெண்மக்களைத் தடுப்பதும் தகுமோ?

நம் பக்கத்து வேலூரைப் பாருங்கள். அங்கு ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே கட்டிலோடு மருத்துவப் பணி தொடங்கினார். 1909-இல் செவிலியர்க்குப் பயிற்சி தொடங்கிற்று. 1946-இல் நர்சிங் பட்டப்படிப்பும் ஏற்பட்டது. இந்தியாவில் அப்பட்டப்படிப்பை முதன்முதல் தொடங்கிய இடங்களுள் அஃது ஒன்று. ஏவற்றொழிலுக்கு யாரேனும் பட்டம் வகுப்பரோ?

இனிப் படிப்பின் வகை கூறுவேன். ஏ.என்.எம். என்பது இரண்டாண்டு, தாய்சேய் நலமும் ஊர்ச் சுகாதாரமும் அதன் உயிர். சவ்வாது மலை போன்ற மலைப்பகுதிகளில் மூவாயிரம் பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது அரசின் அளவு. ஆங்குத் தேவைப்படுவோர் இத்தகையோரே. ஜி.என்.எம். என்னும் டிப்ளோமா மூன்றாண்டு. மருத்துவமனை வார்டே அதன் களம். பி.எஸ்ஸி. நர்சிங் நான்காண்டு, இதற்கு மேல்நிலையில் பௌதிகம், இரசாயனம், உயிரியல் பயின்றிருத்தல் வேண்டும். டிப்ளோமா முடித்தோர் பின்னர் ஈராண்டு பயின்று பட்டம் பெறவும் வழியுண்டு. ஆதலின், வசதி குறைந்த குடும்பத்தார் சிறுபடியில் தொடங்குதல் இழிவன்று.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியரைப் பதிவு செய்யும் சட்டம் பிறந்த காலந்தொட்டு, பதிவே இத்தொழிலின் முத்திரை. தெருமுனைப் பலகையில் 'நர்சிங்' என்று எழுதியிருப்பதைக் கண்டு, தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கட்டாதீர்கள். 'இப்படிப்பு முடித்தால் மாநிலச் செவிலியர் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா?' என்று கேட்டு, கவுன்சிலின் பட்டியலிலும் பார்த்த பின்னரே கட்டுங்கள். பதிவில்லாச் சான்றிதழ் வேலியில்லாப் பயிர்.

படித்துப் பணியேற்ற பின்னர் வருவது பூசல். பலர் கூடிச் செய்யும் பணியில் அஃது இயல்பே. 1854-ஆம் ஆண்டு, போர்க்காலத்தில், துருக்கி நாட்டு ஸ்குட்டாரி மருத்துவமனைக்குப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் செவிலியரோடு சென்றபோது, படை மருத்துவர்கள் அவர்களை விரும்பவில்லை. அம்மையார் வழக்காடவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை. மருத்துவர் அழைக்கும்வரை நோயாளியிடம் செல்லலாகாது என்று தம்மவரைப் பணித்துக் காத்திருந்தார். காயமுற்றோர் வெள்ளம்போல் வந்தபோது மருத்துவர்களே அழைத்தனர். எனினும் அவர் வாய்மூடி அமைந்தாரல்லர். கண்ட குறைகளைக் கணக்கோடு எழுதி வைத்து, அவ்வெழுத்தின் வலியால் படை மருத்துவமனைகளின் சீர்திருத்தத்துக்கு வழி கோலினார்.

இதனின்று நாம் கொள்ளும் நெறி யாது? மருந்தின் அளவில் ஐயம் எழுந்தால், 'ஐயா, இவ்வளவுதானா?' என்று மருத்துவரைப் பணிவோடு மறுபடி கேட்க. எழுதித் தர வேண்டுக. ஐயம் தீராதாயின் கொடாது நிறுத்தி மேற்பார்வைச் செவிலியிடம் உரைக்க. உடன்பணி செய்வோரோடு பிணக்கு நேர்ந்தால், நோயாளியின் முன் பேசற்க. தனித்து, அன்றே, ஆளைப் பழியாது செயலைச் சொல்லுக. நோயாளியின் சுற்றத்தார் சினந்தால், அச்சினத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் அச்சமே. நடப்பதை விளங்கச் சொல்லுக. கையோங்கினால் 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் காவலாகும். மானத்துக்குத் தீங்கு செய்வாரை மறைத்தல் வேண்டா. பத்துப்பேர் பணி செய்யும் இடத்தில் விசாரணைக் குழு இருத்தல் வேண்டுமென 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. மூன்று திங்களுக்குள் எழுத்தில் முறையிடுக. எக்காரணத்தாலும் பணிமுறை முடியுமுன் நோயாளியைத் தனியே விட்டு வெளியேறற்க.

பெற்றோர்க்கும் ஒரு சொல். இரவில் மகள் தொலைபேசியில் அழுதால், 'பொறுத்துப் போ' என்றோ, 'விட்டுவிட்டு வா' என்றோ உடனே சொல்லாதீர்கள். 'என்ன நடந்தது? யாரிடம் சொன்னாய்? எழுதி வைத்தாயா?' என்று கேளுங்கள். பாதி அழுகை அக்கேள்வியிலேயே அடங்கும். மீதிக்கு வழி புலப்படும்.

நாம் ஒரு குலத்தாராக ஈண்டுக் கூடியுள்ளோம். ஆயினும் வார்டுக் கட்டிலில் கிடப்பவனுக்குக் குலமில்லை, நோயே உண்டு. அதனை உணர்ந்து தொடும் கையே நம் குலத்துக்குப் பெருமை தருவது. நம் சங்கக் கல்வி நிதியில் ஆண்டுதோறும் செவிலிப் படிப்புக்கென ஒரு பங்கு ஒதுக்குமாறும், அதனைப் பதிவுடைய படிப்புக்கே வழங்குமாறும் பெரியோர்களை வேண்டி அமர்கின்றேன்.