அந்தக் குதிரை மேலேயே வர்றேன்!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, விடியும் முன்னே உப்பளத்தில் இறங்கி உப்பு வாரிவிட்டு, அந்தக் களைப்போடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற மரக்காணத்துத் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

ஒரு படத்தின் தரத்தைச் சொல்ல வேண்டியவர் விமர்சகரா, மக்களா? மக்களே என்பது எங்கள் கட்சி. எதிரணித் தலைவர் என்ன கேட்டார்? "கம்மிச் செலவுல, காப்பியடிச்சு எடுக்கிற குதிரைப் படமெல்லாம் ஒரு படமா?" அந்தக் குதிரை மேலேயே ஏறி வர்றேன் ஐயா! (சிரிப்பு)

1964. செர்ஜியோ லியோனி என்ற இத்தாலிக்காரர் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' எடுக்கிறார். கதை கௌபாய் கதை. எடுத்த இடம் அமெரிக்காவா? ஸ்பெயின்! அங்கே அல்மேரியான்னு ஒரு வறண்ட சீமை. அந்தக் கடற்கரையிலும் உப்பளம் இருக்கு. நம்ம கழுவெளி மாதிரியே பூநாரை வரும். மொத்தச் செலவு சுமார் 2 லட்சம் டாலர். ஹாலிவுட்டுக்கு அது சுண்டைக்காய். கதாநாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட் சம்பளம் 15,000 டாலர். நம்மாளு எடுத்த கௌபாய் படம்னா நம்ம ஜனமே வராதுன்னு பயந்து, டைரக்டர் பேரை 'பாப் ராபர்ட்சன்'னு போட்டாங்க. பிள்ளைக்கு அப்பன் பேரைச் சொல்ல வெட்கப்பட்ட படம்! (சிரிப்பு)

1967-ல் அமெரிக்காவுக்குப் போச்சு. விமர்சகர்கள் பலர் கிழிச்சாங்க. 'ஸ்பகெட்டி வெஸ்டர்ன்'னு கேலி வேற. நம்ம பாஷையில சேமியாப் படம்! ஜனங்க பார்த்தாங்க; வசூல் குவிஞ்சுது.

கதை குரோசாவாவின் 'யோஜிம்போ'வில் இருந்து எடுத்தது. கேட்காமல் எடுத்தது தப்புதான். வழக்கு வந்தது, வசூலில் பங்கு கொடுத்தார்கள். ஆனால் லியோனி சொந்தமாக ஒன்று வைத்தார் ஐயா. முகம்! தூசி, தாடி, வியர்வை. திரை முழுக்க, வெயிலில் சுருங்கிய இரண்டு கண். உப்பு வெள்ளையில் நாளெல்லாம் கண் கூசக் கூச நிற்கிற எங்க அக்காவுக்கு அந்த முகத்தை யாராவது விளக்கணுமா? (பலத்த கைதட்டல்) படிச்ச விமர்சகருக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது.

அதுக்காக எல்லாம் தங்கம்னு சொல்லலே. அதே இத்தாலியில் நூற்றுக்கணக்கில் குதிரைப் படம் வந்தது. பலதும் போன இடம் தெரியலே. அதையும் தள்ளினது மக்கள்தான்.

"தமிழனுக்கு எதுக்குக் குதிரை?"ன்னார் நண்பர். ஒளிப்பதிவாளர் கர்ணன் 1970-ல் 'காலம் வெல்லும்', 1972-ல் 'கங்கா', 'ஜக்கம்மா' எடுத்தார். மூன்றிலும் ஜெய்சங்கர். மேதைகள் பட்டியலில் அந்தப் படங்களைத் தேடினால் கிடைக்காது. ஆனால் 2010-ல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' எடுத்தாரே, அதில் வருகிற ஊருக்கு என்ன பேர் தெரியுமா? ஜெய்சங்கர்புரம்! (கைதட்டல்)

எந்த விமர்சகர் பேரிலாவது இப்படி ஒரு ஊர் உண்டா? அடுத்துப் பேச வருகிற எதிரணி அம்மையார் சொல்லட்டும். வணக்கம்.